அத்தியாயம் 6: பயிற்சி மதிப்பெண்ணை நம்பித் தேதி குறிக்கலாமா?

"அக்கா, யுவேர்ல்டுல 61 பர்சன்ட் வருது. டேட் போட்டுடலாமா?"

அமெரிக்காவில் மருத்துவம் பார்க்க உரிமம் தரும் யுஎஸ்எம்எல்இ தேர்வின் முதல் கட்டம் ஸ்டெப் 1. அதற்கு யுவேர்ல்டு என்ற கேள்வி வங்கியை வைத்துப் படிக்கும் ஜூனியர், எழுதி முடித்த சீனியரிடம் கேட்காமல் விடாத கேள்வி இது. அக்காவும் தன் கணக்கைச் சொல்வார்: "எனக்கு 58தான் இருந்துச்சு. பாஸ் ஆயிட்டேனே." ஜூனியர் நிம்மதியாகப் போய்த் தேதி குறிப்பார். இந்தப் பேச்சில் தகவல் என்று எதுவுமே கைமாறவில்லை. அந்த 61 முதல் சுற்றில் வந்ததா, இரண்டாம் சுற்றிலா? நேரம் வைத்துப் போட்டதா? எல்லாப் பாடமும் கலந்ததா, நேற்று இதயம் படித்துவிட்டு இன்று இதயக் கேள்விகளை மட்டும் போட்டதா? ஒன்றும் தெரியாது. இன்னொன்றும் உண்டு. 58 எடுத்துத் தோற்ற அக்காவிடம் யாரும் போய்க் கேட்பதில்லை. அவரும் தானாக வந்து சொல்வதில்லை.

பயிற்சி மதிப்பெண் தேர்வு முடிவை முன்கூட்டிச் சொல்லுமா என்றால், சொல்லும். அளந்து பார்ப்பதற்கென்றே உட்கார்ந்து எழுதியதாக இருந்தால் நன்றாகவே சொல்லும். கற்றுக்கொள்வதற்காகப் போட்ட கேள்விகளின் சதவீதத்திடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் சிலர் தேவையில்லாமல் ஆறு மாதம் தள்ளிப்போடுகிறார்கள், சிலர் தயாராகாமலே போய் உட்காருகிறார்கள்.

கேள்வி வங்கியின் சதவீதம்

யுவேர்ல்டின் ஸ்டெப் 1 வங்கியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் இருக்கின்றன. அதன் பெருமை கேள்வியைவிட விளக்கத்தில்தான். சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற விடைகள் ஏன் தவறு என்பதையும் அது படத்தோடு சொல்லிக்கொடுக்கும். டியூட்டர் மோடில் ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொன்ன கையோடு விளக்கம் விரியும். மூன்றாவது கேள்வியின் விளக்கத்தில் படித்தது பத்தாவது கேள்விக்கு உதவும். படிப்பதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் பத்தாவது கேள்விக்கு நீங்கள் சொன்ன சரியான விடை, ஐந்து நிமிடத்துக்கு முன் படித்ததன் எதிரொலி. தேர்வு நாளில் அந்த உதவி கிடைக்காது.

முகப்பில் தெரியும் மொத்தச் சதவீதத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அது தொடக்கம் முதல் இன்று வரையிலான சராசரி. முதல் மாதத்தில் 35, 40 என்று வாங்கிய பிளாக்குகளும் (நாற்பது கேள்வித் தொகுதிகளும்) அதில் கிடக்கின்றன. இன்று நீங்கள் 68 வாங்குகிறவராக இருந்தாலும் சராசரி 55 என்று காட்டி மனத்தை உடைக்கும். மாறாக, பாடம் பாடமாகப் பிரித்து, படித்த சூட்டோடு போட்டவருக்கு அது 70 காட்டி ஏமாற்றும்.

இரண்டாம் சுற்றுச் சதவீதத்தை மறந்தே விடுங்கள். 82, 85 என்று வரத்தான் செய்யும். முதல் வரியில் 'நியூ ஹாம்ப்ஷயரில் முகாமிட்டவர்' என்று பார்த்ததுமே விடை நினைவுக்கு வந்தால், அங்கே வேலை செய்தது நினைவு, பகுத்தறிவு இல்லை. தவறவிட்ட கேள்விகளிலிருந்து ஆன்கி செயலியில் நினைவட்டை செய்து தினமும் புரட்டுகிறவருக்கு இந்தக் கலப்படம் இன்னும் அதிகம். மறுசுற்று வேண்டாம் என்று சொல்லவில்லை. அதன் எண்ணைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன்.

கேள்வி வங்கியிலிருந்தே ஏதாவது ஓர் எண் வேண்டும் என்று மனம் கேட்டால், முதல் சுற்றின் கடைசிப் பத்து பிளாக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் டைம்ட் மோடில், எல்லாப் பாடமும் கலந்து, முன்பு பார்க்காத கேள்விகளாக இருக்க வேண்டும். அந்த 400 கேள்விகளின் சராசரிக்கு ஓரளவு பொருள் உண்டு. அதையும் தேர்ச்சிக் கோடாக எடுத்துக்கொள்ளாமல், அடுத்துப் பார்க்கப்போகும் என்பிஎம்இ மாதிரித் தேர்வுப் படிவத்தை எழுதத் தயாரா என்பதற்கான அறிகுறியாக வைத்துக்கொள்வதே நல்லது.

அளப்பதற்கென்றே உள்ளவை

ஸ்டெப் தேர்வுகளை நடத்தும் இரண்டு அமைப்புகளில் ஒன்று என்பிஎம்இ. அதுவே சுயமதிப்பீட்டுப் படிவங்களையும் விற்கிறது. ஸ்டெப் 1-க்கான படிவம் ஒன்றில் 200 கேள்விகள். ஐம்பது ஐம்பதாக நான்கு பகுதி, பகுதிக்கு 75 நிமிடம். கேள்விக்கு 90 விநாடி என்று கணக்கு வரும், அசல் தேர்வின் அதே வேகம். கேள்வியின் வாசகமும் படங்களின் தரமும் யுவேர்ல்டைவிட அசலுக்கு நெருக்கம்.

முடிவில் ஒரு சதவீதம் வரும். அது சரியான விடைகளை வெறுமனே எண்ணிப் போட்டது இல்லை. கடினமான படிவத்தை எழுதியவரும் எளிதான படிவத்தை எழுதியவரும் ஒரே அளவில் நிற்கும்படி சமன்செய்யப்பட்ட சதவீதம் அது. அதில் 62 முதல் 68 வரை தேர்ச்சிக் கோட்டை ஒட்டிய பகுதி என்று என்பிஎம்இ குறிக்கிறது. பக்கத்திலேயே இன்னொரு வரி இருக்கும்: ஒரு வாரத்துக்குள் எழுதினால் நீங்கள் தேறுவதற்கான நிகழ்தகவு இத்தனை. பலரும் சதவீதத்தைப் பார்த்துவிட்டு இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். உண்மையில் நமக்கு வேண்டியது இதுதான், அதிலும் 'ஒரு வாரத்துக்குள்' என்ற நிபந்தனைதான். மார்ச்சில் எழுதிய படிவத்தின் நிகழ்தகவை வைத்துக்கொண்டு ஜூனில் தேர்வுக்குப் போகிறவர், காலாவதியான லேப் ரிப்போர்ட்டைக் காட்டி அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கிறார்.

யுஎஸ்எம்எல்இ தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரிக் கேள்வித் தொகுப்பை எல்லோரும் 'ஃப்ரீ 120' என்பார்கள். இதையே, தனிக் கட்டணம் கட்டினால், அசல் தேர்வு நடக்கும் ப்ரோமெட்ரிக் மையத்தில் போய் உட்கார்ந்தும் எழுதலாம். நாற்காலி, திரை, காதடைப்பான், கைரேகைப் பரிசோதனை எல்லாம் பழகிவிடும். பதற்றம் உள்ளவர்களுக்கு இந்தச் செலவு தகும். யுவேர்ல்டும் தனியாகச் சுயமதிப்பீட்டுத் தேர்வுகள் வைத்திருக்கிறது. அவற்றின் கணிப்பை மட்டும் நம்பி நான் தேதி குறிக்கச் சொல்லமாட்டேன். என்பிஎம்இ சொன்னதை உறுதிப்படுத்தினால் மகிழ்ச்சி, அவ்வளவே.

ஒரு படிவத்தை எழுதும் விதமும் முக்கியம். நடுவில் நிறுத்தி டீ குடித்து, சந்தேகத்துக்கு ஃபர்ஸ்ட் எய்ட் புத்தகத்தைப் புரட்டி, மறுநாள் மிச்சத்தை முடித்தால், காசு கொடுத்து வாங்கிய அளவுகோலை நீங்களே வளைத்துவிட்டீர்கள். தேர்வு தொடங்கும் நேரத்திலேயே தொடங்குங்கள். அசல் தேர்வில் அதிகபட்சம் 280 கேள்விகள். படிவத்தின் 200 முடிந்ததும் எழுந்துவிடாமல், யுவேர்ல்டில் பார்க்காத கேள்விகளாக நாற்பதின் இரண்டு பிளாக்கைத் தொடர்ந்து போடுங்கள். எண்ணிக்கை சரியாக 280 வரும். கடைசி எண்பதில் உங்கள் வழக்கமான சதவீதத்திலிருந்து பத்துப் புள்ளி சரிந்தால், குறை அறிவில் இல்லை, தாக்குப்பிடிப்பதில் இருக்கிறது. அதற்கு மருந்து வேறு.

நாற்பது கேள்வியில் எவ்வளவு அதிர்ஷ்டம்?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். கணக்கு கொஞ்சம்தான்.

உங்கள் உண்மையான நிலை 65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கேள்விக் கடல் முழுவதையும் எழுதச் சொன்னால் நூற்றுக்கு 65 சரியாகச் செய்வீர்கள். அந்தக் கடலிலிருந்து 40 கேள்வியை மட்டும் எடுத்துக் கொடுத்தால் 26 சரியாக வர வேண்டும். ஆனால் எந்த 40 என்பது அதிர்ஷ்டம். புள்ளியியலின் எளிய சூத்திரத்தைப் போட்டால், நியமப் பிழை ஏழரைப் புள்ளி. அதாவது இருபதில் பத்தொன்பது தடவை விடை 50-க்கும் 80-க்கும் இடையில் எங்கேயாவது விழும். 40-க்கு 20 எடுத்து அழுதவரும் 32 எடுத்து விருந்து வைத்தவரும் ஒரே ஆளாக, ஒரே வாரத்தில் இருக்க முடியும். நேற்றைய பிளாக் 55, இன்றைய பிளாக் 70 என்றால் இரவோடு இரவாக நீங்கள் அறிவாளி ஆகிவிடவில்லை.

200 கேள்விக்கு அதே பிழை சுமார் மூன்றரைப் புள்ளியாகச் சுருங்குகிறது. 65 என்று வந்தால் உண்மை 58-க்கும் 72-க்கும் இடையில் இருக்கலாம். இன்னும் அகலம்தான். தேர்ச்சிக் கோடு 62 அருகில் இருப்பதால், ஒரே ஒரு 65 நிம்மதி தரும் எண் ஆகாது. இது தோராயக் கணக்கு. படிவம் தயாரிப்பவர்கள் பாடங்களைத் திட்டப்படி கலந்து கொடுப்பதால் உண்மையான ஏற்ற இறக்கம் சற்றுக் குறையலாம். பாடம் மாறாது.

ஏறுமுகத்துக்கும் இதே கதை. மூன்று வாரத்துக்கு முன் 58, இப்போது 63. ஐந்து புள்ளி ஏற்றம். இரண்டு எண்ணிலும் பிழை இருப்பதால், வித்தியாசத்தின் பிழையும் ஏறத்தாழ ஐந்து. இந்த ஏற்றம் உழைப்பால் வந்ததாகவும் இருக்கலாம், வெறும் அலைவாகவும் இருக்கலாம். மூன்று படிவங்களில் 55, 61, 67 என்று வந்தால் அது வேறு விஷயம், அதை நம்பலாம். மருத்துவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், ஒரு பிளாக் என்பது ரேண்டம் சுகர். அடுத்தடுத்த படிவங்களின் போக்கு எச்பிஏ1சி. ரேண்டம் சுகரை வைத்து யாரும் மருந்தளவை மாற்றுவதில்லை.

படிவ அறிக்கையில் பாடவாரியாக வரும் கோடுகளைப் பார்த்துப் பதறுவதும் வழக்கம். ஒரு பாடத்திலிருந்து 15 கேள்வி வந்திருந்தால், 9 சரி என்பது 60 சதவீதம், 11 சரி என்பது 73. இரண்டே கேள்விதான் வித்தியாசம். "பயோகெமிஸ்ட்ரி போச்சு" என்று பத்து நாளை அதற்கே ஒதுக்கும் முன், முந்தைய படிவத்திலும் அது கீழே இருந்ததா என்று பாருங்கள்.

தேர்ச்சிக் கோடும் தோல்வியின் விலையும்

2022 ஜனவரி 26 முதல் ஸ்டெப் 1-க்கு மதிப்பெண் தருவதில்லை. தேர்ச்சி அல்லது தோல்வி, அவ்வளவுதான். அதே நாளில், பழைய மூன்றிலக்க மதிப்பெண் அளவில், தேர்ச்சிக் கோடு 194-லிருந்து 196-க்கு ஏறியது. முன்பு 240 வருமா 250 வருமா என்று கணிக்க வேண்டியிருந்தது. இப்போது கோட்டைத் தாண்டுவேனா என்று மட்டும் தெரிந்தால் போதும். வேலை எளிதாகிவிட்டது என்று தோன்றும். ஆனால் அமெரிக்கா, கனடாவுக்கு வெளியே படித்து முதல்முறை எழுதியவர்களின் தேர்ச்சி 2021-ல் 82 சதவீதமாக இருந்தது, 2022-ல் 74 ஆனது. 250-க்குக் குறிவைத்தவர் தடுமாறினாலும் 220-ல் விழுவார். 200-க்குக் குறிவைத்தவர் தடுமாறினால் கோட்டுக்குக் கீழே போய்விடுவார். இடைவெளி வைத்துக்கொள்ளும் பழக்கம் போனதும் இந்தச் சரிவுக்கு ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இனி விலை. ஒவ்வொரு ஸ்டெப்பையும் நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது. தோல்வி உங்கள் மதிப்பெண் ஆவணத்தில் நிரந்தரமாக நிற்கும். ரெசிடென்சி என்ற முதுநிலைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது ஒவ்வொரு நிறுவனமும் அதைப் பார்க்கும். வெளிநாட்டுப் பட்டதாரிக்குக் கட்டணம் ஆயிரம் டாலருக்கு மேல். மறுபக்கம், நான்கு வாரம் தள்ளிப்போட்டால் போவது நான்கு வாரம்தான். இரண்டு தவறும் சம எடை இல்லை. ஆகவே எண்ணின் நடுவைப் பார்க்காதீர்கள், கீழ்முனையைப் பார்த்து முடிவெடுங்கள்.

நடைமுறையில் நான் சொல்வது இது. இதுவரை பார்க்காத இரண்டு என்பிஎம்இ படிவங்கள், இரண்டும் கடைசி மூன்று வாரத்துக்குள், முழு நேரக் கட்டுப்பாட்டோடு. இரண்டுமே 65-க்கு மேல், ஒன்றாவது 70-ஐத் தொட்டால், போய் எழுதுங்கள். இரண்டும் 62-க்கும் 65-க்கும் நடுவில் நின்றால் தள்ளிப்போடுங்கள், வீட்டில் எவ்வளவு நச்சரித்தாலும். ஒன்று 60, இன்னொன்று 69 என்று வந்தால் மூன்றாவது ஒன்றை எழுதாமல் முடிவெடுக்க வேண்டாம். 'நிகழ்தகவு 95' என்று அறிக்கை சொன்னாலும், அப்படிப்பட்ட இருபது பேரில் ஒருவர் தோற்கிறார் என்பது மனத்தில் இருக்கட்டும்.

தேதியை மாற்றும் வசதியை இதற்கேற்பப் பயன்படுத்த வேண்டும். மூன்று மாதத் தகுதிக் காலம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்குள் இடம் பிடிக்கிறீர்கள். தேர்வுக்கு ஒன்றரை மாதத்துக்கும் முன்னால் மாற்றினால் கட்டணமில்லை. நெருங்க நெருங்கக் கட்டணம் உண்டு, கடைசி நாட்களில் அது கடுக்கும். முதல் படிவத்தைத் தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கும்போதே எழுதிவிட்டால், மோசமான செய்தி இலவசமாக மாற்றக்கூடிய காலத்திலேயே வந்துவிடும்.

நம் ஊரிலிருந்து எழுதுகிறவர்களுக்கு

என்பிஎம்இயின் நிகழ்தகவு அட்டவணை, படிவம் எழுதிப் பிறகு தேர்வும் எழுதியவர்களின் தரவிலிருந்து வருகிறது. அந்தக் கூட்டத்தின் சராசரிக்குப் பொருந்துவது உங்களுக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் எம்பிபிஎஸ் முடித்தவர் உயிர்வேதியியலைப் படித்தது முதல் ஆண்டில், அதுவும் கட்டுரை விடையும் சிறுகுறிப்பும் எழுதுவதற்காக. அரைப்பக்க நோயாளிக் கதையைப் படித்து, நோயைத் தானாகவே கண்டுபிடித்து, அதற்குப் பின்னுள்ள நொதியைக் கேட்கும் இரட்டைத் தாவல் கேள்வி அவருக்குப் புதிது. அறிவு இருந்தும் 90 விநாடி போதாமல் போகும். பிளாக் முடிந்ததும் கடைசி ஐந்து கேள்விகளில் எத்தனை தவறு என்று தனியாக எண்ணுங்கள். தவறுகள் அங்கேயே குவிந்தால் இன்னும் பாடம் படிப்பதால் பயனில்லை. கடைசி வரியில் இருக்கும் கேள்வியை முதலில் படித்துவிட்டுக் கதைக்குப் போகும் பழக்கத்தை முயன்று பாருங்கள்.

இந்திய முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பிஜிக்குப் படித்தவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அங்கே தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் என்பதால் தெரியாததை விட்டுவிடப் பழகியிருப்பீர்கள். ஸ்டெப் தேர்வில் கழிப்பு இல்லை. வெற்றிடமாக விட்ட ஒவ்வொரு கேள்வியும் தானம். பயிற்சியிலும் எதையும் விடாதீர்கள். விட்டால் உங்கள் எண் உங்களைக் குறைத்துக் காட்டும்.

கையிலிருந்து கைக்குப் போகும் படிவ பிடிஎஃப்களும், தேர்வு எழுதியவர்கள் நினைவிலிருந்து எழுதும் 'ரீகால்' குறிப்புகளும் இரண்டு விதத்தில் கெடுதல். பாதிக் கேள்வியை முன்பே பார்த்துவிட்டு எழுதும் படிவம் 74 காட்டும், உண்மை 63-ஆக இருக்கும். இதைவிடப் பெரிய ஆபத்து, அசல் தேர்வின் கேள்விகளை முன்கூட்டிப் பார்ப்பது. 2024 ஜனவரியில், விடைகளில் தெரிந்த அசாதாரணப் போக்கைப் புள்ளியியல் வழியாகக் கண்டு, நேபாளத்துடன் தொடர்புடைய தேர்வர்கள் பலரின் மதிப்பெண்ணை யுஎஸ்எம்எல்இ நிர்வாகம் செல்லாதென அறிவித்தது. விவகாரம் அமெரிக்க நீதிமன்றம் வரை போனது. யார் எதைப் பார்த்தார் என்ற வாதத்துக்குள் நாம் போக வேண்டாம். கேள்வியைச் சேமித்து விற்கும் குழுவில் பெயர் இருப்பதே ஆபத்து என்று தெரிந்தால் போதும்.

ஸ்டெப் 2 சிகே எழுதுவோர்

யுஎஸ்எம்எல்இயின் அடுத்த கட்டமான இதில் மதிப்பெண் இன்னும் உண்டு. தேர்ச்சிக் கோடு 2025 ஜூலை முதல் 218. ஆனால் ரெசிடென்சிக்குப் போகிறவருக்குத் தேர்ச்சி போதாது, எண் வேண்டும். இதற்கான என்பிஎம்இ படிவங்கள் ஸ்டெப் 2 அளவிலேயே மதிப்பெண் தருவதால் நேரடியாக ஒப்பிடலாம். அசல் தேர்வின் மதிப்பெண்ணுக்கே ஆறேழு புள்ளி அளவைப் பிழை உண்டு என்பதால், "படிவத்துல 251, ஆனா 246 வந்துடுச்சு" என்று புலம்புவதில் பொருளில்லை. இரண்டும் ஒரே எண்தான்.

எஃப்எம்ஜிஇ எழுதுவோர்

சீனா, பிலிப்பைன்ஸ், ரஷ்யா, ஜார்ஜியா என்று போய்ப் படித்துத் திரும்பியவர்கள் இந்தியாவில் எழுதும் எஃப்எம்ஜிஇயில் 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி, கழிப்பு கிடையாது. பல அமர்வுகளில் எழுதியவர்களில் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. ஸ்டெப் தேர்வுக்கு என்பிஎம்இ விற்பதுபோல நிகழ்தகவு சொல்லும் படிவம் இதற்கு இல்லை. கையில் இருப்பது கோச்சிங் நிறுவனங்களின் கிராண்ட் டெஸ்ட் (ஜிடி). அதன் கடினத்தை அந்த நிறுவனமே முடிவு செய்கிறது. மிரட்டிப் படிக்க வைக்கக் கடினமாகவும் அமைக்கலாம், தெம்பூட்ட எளிதாகவும் அமைக்கலாம். அதனால் ஒரே நிறுவனத்தின் ஒரு ஜிடியை மட்டும் நம்பாமல், இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஜிடிகளை நேரம் வைத்து எழுதி, குறைந்ததை உங்கள் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள். 300 கேள்விக்கு 150 என்ற நிலையில் அதிர்ஷ்டத்தின் அலைவு மட்டுமே எட்டு ஒன்பது மதிப்பெண் இருக்கும். இருபதில் ஒரு தடவை பதினேழைத் தாண்டும். 155 எடுப்பவர் தயாரானவர் இல்லை. 175 வரும்வரை வேலை இருக்கிறது. ரேங்க்கை அதிகம் பார்க்காதீர்கள். இது இடம் பிடிக்கும் போட்டி இல்லை, கோட்டைத் தாண்டும் தேர்வு.

கடைசி வாரமும் அதற்குப் பிறகும்

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது கடைசி அளவீட்டை முடித்துவிடுங்கள். முந்தின நாள் ஒரு பிளாக் போட்டு, 50 வந்து, தூக்கத்தைத் தொலைத்தவர்கள் ஏராளம். 40 கேள்வியில் 50 வருவது எவ்வளவு சாதாரணம் என்று மேலே பார்த்தோம். அன்று அந்தக் கணக்கு நினைவுக்கு வராது.

தேர்வறையில் சில கேள்விகள் எங்கேயுமே படித்திராதவையாக இருக்கும். அவற்றில் சில, எதிர்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கச் சேர்க்கப்பட்டவை, மதிப்பெண்ணில் சேராது. எவை என்று தெரியாது, அதனால் எல்லாவற்றுக்கும் விடை சொல்லிவிட்டு நகருங்கள். வெளியே வந்ததும் நினைவுக்கு வருவது தவறவிட்ட பதினைந்து கேள்விதான், சரியாகச் செய்த 200 மறந்துபோயிருக்கும். முடிவைக் கணிக்க அந்த உணர்வைவிடக் கடைசி இரண்டு படிவங்களின் எண் எவ்வளவோ மேல். அதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். முடிவு பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள், ஒரு புதன்கிழமை வரும். அதுவரை யுவேர்ல்டு சந்தாவைப் புதுப்பிக்க வேண்டாம்.